எங்கட பிள்ளை பாடின பாட்டு

2024 ஒக்டோபரில், ஆசிரியர் தினத்தன்று எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு நடனம் ஆடினார்கள். தென்மராட்சியில் வயலும் பனங்காணியும் சூழ்ந்த கிராமத்துப் பாடசாலை அது. மண்டபம் என்று நாங்கள் சொல்வது மூன்று வகுப்பறைகளின் தட்டிகளை அகற்றினால் கிடைக்கும் இடம்தான். ஒலிபெருக்கிப் பெட்டியில் ஓர் ஆங்கிலப் பாட்டுப் போனது. சின்னப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவது போன்ற குரல். அதன் நடுவே அடுத்தடுத்து வெடிச் சத்தம். பிறகு துப்பாக்கியில் ரவை ஏற்றும் ஒலி, பிறகு கடையில் காசுப்பெட்டி திறக்கும் 'கிளிங்'. நாற்பதைத் தாண்டிய ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் தலையைத் திருப்பினோம். பிள்ளைகள் தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் என்னிடம் ஓடி வந்தான். "சேர், இது எங்கட ஆள் பாடினது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உலகம் முழுக்கத் தெரியும்" என்றான். பெருமையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்படியா, நல்லது மகன்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பாட்டை அவனைவிட நீண்ட காலமாக எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அவன் சொன்ன 'எங்கட'வுக்குள் நானும் இருக்கிறேனா என்று கேட்க நினைத்ததையும் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்தப் பாட்டின் பெயர் 'பேப்பர் பிளேன்ஸ்'. பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் இலண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இங்கே வளர்ந்தவர். இடையில் சென்னையில் சில காலம். 1986 இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக இலண்டனுக்குப் போனார். அப்போது அவருக்குப் பத்துப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. எங்கள் சோனகத் தெருவிலிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை. அவர் வெள்ளைச் சீருடையில் நடந்துபோன நாட்களில் நான் அதே நகரத்தில் உம்மாவின் இடுப்பில் இருந்திருப்பேன்.

நான் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனதும் பத்து வயதில்தான். 1990 ஒக்டோபர் 30. அந்த மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இந்த இதழின் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. பலர் அந்த வழியால் நடந்து வந்தவர்கள்தான். நான் சொல்ல வருவது அந்தப் பயணத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை. முப்பத்தைந்து வருடமாக அதை நான் எங்கும் எழுதவில்லை.

எங்களை ஏற்றிய லொறி தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் அழுது ஓய்ந்திருந்தார்கள். வாப்பா தலையில் கைவைத்தபடி குந்தியிருந்தார். நான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அது இயக்கப் பாட்டு. அந்த நாட்களில் சந்திக்குச் சந்தி ஒலிபெருக்கியில் போட்டதால் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது பாடம். மெட்டு நல்ல மெட்டு. லொறியின் ஆட்டத்துக்கு அது தானாக வாயில் வந்தது. உம்மா என் வாயைப் பொத்தினா. அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தா. அந்தக் கையில் வெங்காய வாசம் இருந்தது. சமையலை இடையில் விட்டுவிட்டு வந்த கை.

அன்றிலிருந்து எனக்குப் பாட்டைப் பற்றி ஒரு சந்தேகம். பாட்டு தன்னை யார் இயற்றினார், எதற்காக இயற்றினார் என்பதைச் சட்டை செய்வதில்லை. வெளியே தள்ளப்பட்டவனின் வாயிலும் ஏறிக்கொள்கிறது. (இசை ஆகுமா ஆகாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஒரு முழுப் பகுதியையே அதற்கு ஒதுக்கியிருக்கிறார். அறிந்தவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளட்டும். என் கவலை வேறு.)

எம்.ஐ.ஏ.யின் முதல் இசைத்தொகுப்பு 2005 இல் வந்த 'அருளர்'. அது அவருடைய தந்தையின் இயக்கப் பெயர். அருளரை நமது இலக்கிய வட்டத்தில் சிலர் வேறு விதமாக அறிவார்கள். 1977 வன்செயலின்போது கொழும்பில் இருந்து தமிழ் அகதிகளை ஏற்றிவந்த கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்கா ராணி' நாவலை எழுதியவர் அவர்தான். தகப்பன் எழுதியது அகதிக் கப்பலைப் பற்றிய நாவல். மகளின் தொகுப்புக்குத் தலைப்பு அந்தத் தகப்பனின் பெயர். பிள்ளைகளை விட்டு விலகி இயக்கத்தோடு போன தகப்பன், தன் பெயரை எங்கேயாவது கண்டு தன்னைத் தேடி வரட்டும் என்றே அந்தப் பெயரை வைத்ததாக மகள் சொன்னார். பெயரை மாற்றும்படி தகப்பனிடமிருந்து செய்தி வந்ததாம். மகள் மாற்றவில்லை. 2019 இல் அருளர் காலமானார்.

தொகுப்பு உருவான கதையும் சொல்லத்தக்கது. சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்த பெண் அவர். எலாஸ்ரிக்கா என்ற ஆங்கில ரொக் குழுவின் தலைவி ஜஸ்ரின் ஃபிறிஷ்மனோடு பழக்கம் ஏற்பட்டது. அந்தக் குழுவின் இசைத்தட்டுக்கு அட்டை வடிவமைத்தார், அவர்களின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடித்தார். அந்தப் பயணத்தில்தான் ரோலண்ட் எம்.சி.505 என்ற சிறு தாளக் கருவி அறிமுகமாயிற்று. இசை படிக்காதவர், இரவல் கருவியில் தட்டித் தட்டித் தானே பாட்டுக் கட்டினார். எங்கள் பக்கத்தில் தகரத்திலும் மேசையிலும் தட்டிப் பாடும் பையன்களை எனக்குத் தெரியும். கையில் அகப்பட்டதை வைத்துப் பாடுவது என்ற வகையில் இரண்டும் ஒரே காரியம்தான்.

அந்தத் தொகுப்பை மேற்கின் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. 2007 இல் தாயின் பெயரில் வந்த 'கலா'வை அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்ரோன்' இதழ் அந்த ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தெரிவு செய்தது. 'கலா'வில் நமக்குக் காது சிலிர்க்கும் இடங்கள் உண்டு. முதற் பாட்டில் 'தளபதி' படத்துக்கு இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு' மெட்டின் துண்டு ஒன்று மிதந்து வருகிறது. இன்னும் சில பாட்டுகளில் தமிழ்நாட்டின் உறுமி மேளம் உறுமுகிறது. அமெரிக்கா விசா மறுத்ததால் நாடு நாடாக அலைந்து ஒலிப்பதிவு செய்தார் என்கிறார்கள். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டும் விசாவையும் குடியேறியவனைப் பற்றிய பயத்தையும் கிண்டல் செய்வதுதான். அதன் அடித்தளம் 'கிளாஷ்' என்ற ஆங்கிலக் குழு 1982 இல் குடியேறிகளைப் பற்றிப் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படம் வந்த பிறகு அது மூலை முடுக்கெல்லாம் போயிற்று. நான் முதலில் கேட்டதும் அப்போதுதான், புத்தளத்தில், ஒரு சீ.டி. கடை வாசலில்.

கொண்டாட்டத்தோடு சந்தேகமும் வந்தது. அவருடைய ஓவியங்களில் தாங்கிகளும் குண்டுகளும் பனைமரங்களும் பாயும் புலியும் இருந்தன. 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் ஓரிடத்தில் வருகிறது என்பதற்காக எம்.ரி.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. பயங்கரவாதத்தை நாகரிக உடையாக அணிகிறார் என்று சிலர் எழுதினார்கள். அவர் கட்டிய பாட்டுகளின் பெருமையை அவரோடு வேலை செய்த ஓர் ஆண் தயாரிப்பாளரின் கணக்கில் பலர் எழுதினார்கள்; அதற்கு அவர் வெளிப்படையாகவே கோபப்பட்டார். தகப்பனைப் புலி என்று எழுதினார்கள், அதுவும் தவறு. அருளர் ஈரோஸ் அமைப்பை 1975 இல் இலண்டனில் தொடங்கியவர்களில் ஒருவர், புலிகளில் இருந்தவரல்லர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எல்லா இயக்கமும் ஓர் இயக்கம்.

2010 இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரையொன்று அவர் விலையுயர்ந்த பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டே அகதிகளைப் பற்றிப் பேசினார் என்று காட்டியது. அதைப் பற்றிப் பெரும் சண்டை நடந்தது. மேற்கோள்களை அந்தக் கட்டுரை கோர்த்த விதத்தைப் பற்றிப் பத்திரிகை பின்னர் ஒரு குறிப்பும் வெளியிடவேண்டி வந்தது.

இந்த உருளைக்கிழங்கு வாதத்தை நான் ஒரு நிமிடத்துக்கு மேல் மதிக்கவில்லை. அதே வாதத்தை எங்களிடமும் சொன்னார்கள். புத்தளத்தில் பத்து வருடம் கிடுகுக் கொட்டிலில் இருந்துவிட்டு ஒருவன் நான்கு கல் வைத்துச் சுவர் எழுப்பினால், "இனி உங்களுக்கென்ன, வீடு கட்டியாயிற்று, கடை போட்டாயிற்று, இன்னும் என்ன அகதி?" என்பார்கள். மீளக்குடியேற யாழ்ப்பாணம் வந்தால், "அங்கே உங்களுக்கு வீடு இருக்கிறதே" என்று பட்டியலில் இருந்து பெயர் வெட்டப்படும். வயிறு நிறைந்தால் காயம் ஆறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. அவர்கள் வெளியேறியதில்லை, அவ்வளவுதான்.

இலங்கை அரசின் தரப்பு சொன்னது இன்னொன்று. 2009 இல் அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வன்னி மக்களைப் பற்றிப் பேசியபோது, அப்போது வெளிவிவகாரச் செயலாளராக இருந்த பாலித கோஹொன அவர் இசையோடு நின்றுகொள்வது நல்லது என்ற பொருளில் சொன்னார். பாட்டுக்காரி பாடட்டும், பேசவேண்டாம். இதையும் நான் மதிக்கவில்லை.

ஆனால் மூன்றாவதாக ஒரு முறைப்பாடு இருக்கிறது. அதை அமெரிக்க விமர்சகர்கள் எழுதவில்லை, அரசும் எழுதவில்லை. அது என்னுடையது. நான் கேட்டவரையில் அந்த இரண்டு தொகுப்புகளிலும் யாழ்ப்பாணம் இருக்கிறது, நானில்லை. பனை இருக்கிறது, குண்டு இருக்கிறது, அகதி இருக்கிறான், புலி இருக்கிறது. அந்தப் புலி 1990 இல் என்ன செய்தது என்பது இல்லை.

இதை என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். 'அருளர்' முழுவதையும் பென் டிரைவில் போட்டுத் தந்தவரும் அவர்தான். இலண்டனில் அவருக்குச் சகோதரி இருக்கிறா. இடைவேளை நேரம், பிளேன் ரீயைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்ரர், அந்தப் பிள்ளை எண்பத்தாறில போனது. நீங்கள் போனது தொண்ணூறில. காணாததை எப்படிப் பாடும்?" என்றார்.

நியாயமான கேள்வி. பத்து வயதுப் பிள்ளை தான் கண்டதைத்தான் கொண்டுபோகும். அவர் கொண்டுபோனது இராணுவத்தின் சப்பாத்துச் சத்தத்தை. நான் கொண்டுபோனது வேறு சப்பாத்துச் சத்தத்தை. ஒருவர் தன் நினைவைச் சொல்லும்போது அடுத்தவனின் நினைவையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று கேட்பது அநியாயம். அப்படிக் கேட்டால் உலகத்தில் ஒருவரும் வாய் திறக்க முடியாது.

அன்றிரவு வீட்டில் மறுபடி யோசித்தபோது நண்பருடைய பதில் பாதி தூரம்தான் போகிறது என்று தோன்றியது. காணாததைப் பாடமுடியாது, சரி. ஆனால் புலி அவர் கண்ட நினைவு அல்ல, எடுத்து வைத்த சின்னம். என் உம்மாவின் கை எனக்கு மட்டும் சொந்தமானது. அதைப் பற்றி நான் எப்படி எழுதினாலும் யாருக்கும் கணக்குக் காட்டவேண்டியதில்லை. சின்னம் அப்படியல்ல. அதைச் சுவரில் வரைகிறவர் அது தனக்குத் தந்த தைரியத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட முடியாது. 2005 இல் அவர் முப்பது வயதுப் பெண், உலகம் கேட்கும் குரல். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டிலேயே அந்த வெளியேற்றத்துக்காக அதைச் செய்த தரப்பு வருத்தம் தெரிவித்துவிட்டது. செய்தவர்களே ஏற்றுக்கொண்டதைப் பாடுகிறவர் அறியாதிருந்தார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஈரோஸ் தன் ஈழத்துக்குள் மலையகத் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்து எண்ணிய இயக்கம். பஷீர் சேகுதாவூத் அதன் வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1990 இல் பாலகுமாரின் தலைமையில் இருந்த ஈரோஸ் கலைந்து புலிகளோடு சேர்ந்தது. எங்கள் வெளியேற்றமும் அதே ஆண்டு. ஆகவே மகள் தொகுப்புக்கு எடுத்த பெயர் எங்களையும் எண்ணிய ஓர் இயக்கத்தின் மனிதருடையது. சுவரில் வரைந்த உருவமோ எங்களை அனுப்பியவர்களுடையது. இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளிதான் எங்கள் வாழ்க்கை. அது அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தொகுப்பு இன்னும் ஆழமாகப் போயிருக்கும் என்று ஒரு வாசகனாக நினைக்கிறேன்.

இங்கே கட்டுரையை நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் 2019 குறுக்கே வந்து நிற்கிறது.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த மாதங்களில், நான் எங்கே போனாலும் முதலில் ஒரு கண்டன உரை நிகழ்த்தவேண்டியிருந்தது. பஸ்ஸில், வங்கியில், பெற்றார் கூட்டத்தில். "உங்கட ஆக்கள் செய்த வேலையைப் பார்த்தீங்களா சேர்?" என்று கேட்பவருக்கு நான் "கொடுமை, மன்னிக்க முடியாதது" என்று சொல்லி முடித்த பிறகுதான் மற்றப் பேச்சுத் தொடங்கும். அது கொடுமைதான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் கொஞ்சம் சிறுத்துப்போனேன். கண்டனம் நுழைவுச்சீட்டாக மாறிவிட்டது. காட்டினால்தான் மனிதர் வரிசையில் நிற்க விடுவார்கள். அதே காலத்தில் வேறு ஊரில் ஒரு முஸ்லிம் பையனை ஒன்றுமில்லாத காரணத்துக்குப் பிடித்துப் போனார்கள் என்று பேச எடுத்தால், "முதலில் அந்தக் குண்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள்.

ஆகவே எம்.ஐ.ஏ.யிடம் "முதலில் புலிகளைக் கண்டியுங்கள், பிறகு வன்னியைப் பற்றிப் பேசுங்கள்" என்று 2009 இல் சொன்னவர்களின் பக்கத்தில் போய் நான் நிற்கமுடியாது. தான் பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று அவர் பலமுறை சொன்னார். சொல்லச் சொல்ல மேலும் கேட்டார்கள். எனக்கு அது பழக்கமான விஷயம்.

அப்படியானால் என் முறைப்பாடு என்னாகிறது? பல நாள் இதிலேயே சிக்கிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு ஒரு வித்தியாசம் புலப்பட்டது. பஸ்ஸில் கேட்டவர் என்னால் பாதிக்கப்பட்டவரல்லர். குண்டில் உறவை இழந்தவரும் அல்லர். என்னை எடைபோடுவதற்காகக் கேட்டார். ஆனால் நீர்கொழும்பில் பிள்ளையை இழந்த ஒரு தாய் என் முன்னால் வந்து நின்று, "உங்கட பெயரில்தானே செய்தார்கள்?" என்று கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருக்கமாட்டேன். பதிலும் என்னிடம் இருந்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டு அவ சொல்வதைக் கேட்டிருப்பேன். கேள்வி ஒன்றுதான், கேட்கிற வாய்தான் வேறு. அரசுக்கோ நியூயோர்க் பத்திரிகைக்கோ அந்தப் பாடகியிடம் கேட்க உரிமையில்லாத ஒன்றைச் சோனகத் தெருக்காரன் ஒருவன் கேட்கலாம். ஆனால் அதைக்கூட, "இதற்குப் பதில் சொன்னால்தான் உன் பாட்டைக் கேட்பேன்" என்று விலையாக வைக்க எனக்கு உரிமை உண்டா? அங்கேதான் நான் தடுமாறுகிறேன்.

தடுமாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. நானும் பாதிப் பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தேன்.

2009 மே மாதம். போர் முடிந்தது என்று அறிவித்த நாள். புத்தளம் பக்கத்தில் ஒரு சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். பட்டாசு கொளுத்தினார்கள். எங்கள் முகாம் இளைஞர்கள் சிலரும் நின்றார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆசிரிய கலாசாலை முடித்து வேலையில் இருந்தவன், படித்தவன் என்று பெயர். ஒரு துண்டு பாற்சோறு என் கையிலும் வைத்தார்கள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. ஊருக்குப் போகலாம் என்ற எண்ணம் மட்டும்தான் மனதில். வன்னியில் அதே நாளில் என்ன கிடந்தது என்று நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன், நினைத்துவிட்டுத்தான் விழுங்கினேன். அதன் பிறகு இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானவர்களை முட்கம்பிக்குள் வைத்திருந்த மாதங்களில் எங்கள் பக்கத்திலிருந்து எத்தனை கவிதை வந்தது? சில வந்தன, நான் மறுக்கவில்லை. நான் எழுதவில்லை. 1990 ஓகஸ்ட் காத்தான்குடிப் பள்ளிவாசலைப் பற்றி நான் மூன்று கவிதை எழுதியிருக்கிறேன். அதே ஓகஸ்டில் வீரமுனையில் தமிழர்களுக்கு நடந்ததைப் பற்றி, அதில் நமது ஊர்காவல் படையினருக்கு இருந்த பங்கைப் பற்றி, ஒரு வரியும் எழுதவில்லை. நான் வடக்கான், கிழக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். எண்பத்தாறில் போன பிள்ளைக்குத் தொண்ணூறு தெரியாது என்று நண்பர் சொன்னது போல.

நமது மரபில் வேறு மாதிரியான பாட்டும் இருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 'புத்தரின் படுகொலை'யை எழுதியவர் எம்.ஏ. நுஃமான். கல்முனைக்காரர், முஸ்லிம், அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அந்த எரிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள், இன்றைக்கும் முதலில் வாயில் வருவது அந்தக் கவிதை. அதே 1981 இல்தான் அவருடைய 'பலஸ்தீனக் கவிதைகள்' மொழிபெயர்ப்பும் வந்தது. எந்தப் பலஸ்தீனத்தின் பெயரைச் சொன்னதற்காக எம்.ரி.வி. 'சன்ஷவர்ஸ்' பாட்டை மறுத்ததோ, அந்தப் பலஸ்தீனத்தை ஈழத்துத் தமிழ் இளைஞர்கள் தமிழில் வாசித்தது ஒரு முஸ்லிம் கவிஞரின் கையால். எரிந்த நூலகத்தை எழுதும்போது அவர் 'இது என் ஆக்களுடையதா?' என்று பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு 1990 வந்தது, அவரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அதற்காக அந்தக் கவிதையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கவும் முடியாது.

நாகூர் ஹனிபாவையும் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் தெருத் தேநீர்க் கடையில் அவர் குரல் பொழுது விடியும்போதே தொடங்கும். தி.மு.க. மேடையிலும் அதே குரல்தான். அந்தக் கட்சியோடு மனம் கசந்தவர்கள் எத்தனை பேர் அவருடைய பக்திப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியிருப்பார்கள்! கட்சிப் பாட்டு வேண்டாம், பக்திப் பாட்டு மட்டும் போதும் என்று குரலை வகிர்ந்து வைத்துக்கொள்ளவா முடியும்? கேட்கிறவன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறான், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது.

'அருளர்' தொகுப்பை நான் இப்போதும் கேட்கிறேன். மாலையில் வீடு திரும்பும்போது பஸ்ஸில், காதுக்குள். தாளம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. புலி வரும் இடத்தை மனம் அறியும், அந்த இடத்தில் உம்மாவின் கை வாயில் வந்து விழுகிறது. கையை விலக்கிக்கொண்டு கேட்கிறேன். சில நாள் கை விலகுவதில்லை. அப்போது நிறுத்திவிடுகிறேன். இது ஒரு தத்துவ முடிவல்ல என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வகுப்பாசிரியன் என்ற முறையில் அனுமதிப் பதிவேட்டைப் பார்க்கவேண்டி வந்தது. பிறந்த திகதி 2009 ஓகஸ்ட். பிறந்த இடம் செட்டிகுளம். அந்த மாதத்தில் செட்டிகுளத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை எங்கே பிறந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. நான் பாற்சோறு தின்ற நாளில் அவன் தாயின் வயிற்றில் வன்னியில் இருந்திருக்கிறான்.

போன மாதம் அவன் கேட்டான். "சேர், எம்.ஐ.ஏ. எண்டால் என்ன?" போரில் காணாமற் போனவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அதோடு அவர் இருந்த இலண்டன் அக்டன் என்ற இடத்தையும் சேர்த்து ஒரு சிலேடை என்று விளக்கினேன். சிலேடை என்றால் காளமேகம் என்றான். சிரித்தோம். பிறகு திடீரென்று, "நீங்கள் சண்டைக்குள்ள எங்க சேர் இருந்தனீங்கள்?" என்று கேட்டான். புத்தளத்தில் என்றேன். "ஏன் அங்க போனனீங்கள்?"

அவன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. அடுத்த பாடம் கணிதம். சனிக்கிழமை பஸ் எடுத்துச் சோனகத் தெருவுக்கு வரட்டுமா என்றான். ஐந்து சந்தியில் இறங்கி யாரிடமாவது கேள், காட்டுவார்கள் என்றேன்.

உம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. செட்டிகுளத்தில் பிறந்த பிள்ளை ஒன்று வீட்டுக்கு வருகிறது என்று சொன்னேன். யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டா: "அவன் வட்டிலப்பம் தின்னுவானா?"